முடியாட்சி ஒழிந்த காடு

ஐரோப்பாவில், பனிமலைகளுக்கு நடுவே இருந்த ஓக் மரக் காட்டை ஒரு சிங்கம் ஆண்டு வந்தது. அங்கே சிங்கம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யார்தான் கேட்டார்கள்?

காட்டில் ஒரே ஒரு குளம். சிங்கத்துக்குத் தன் பிடரிமேல் அலாதிப் பிரியம். காலையில் குளத்தில் இறங்கினால் பிடரியை அலசி, கரடியை விட்டுச் சீவச் சொல்லி, சாயங்காலம்தான் கரையேறும். அதுவரை யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. பிறகு குடித்தாலோ வாயெல்லாம் சிங்க முடி!

கூர்மதியார் என்றொரு வெள்ளாடு அந்தக் காட்டில் இருந்தது. தாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாறைமேல் நின்று எப்போதும் யோசிக்கும். ஒருநாள் அது எல்லாரையும் கூப்பிட்டது.

"நண்பர்களே! குளம் முந்தியா, ராஜா முந்தியா?"

"குளம்தான்!"

"அப்படியானால் குளம் எப்படி ராஜாவுக்குச் சொந்தமாகும்? முடியாட்சி ஒழிய வேண்டும்! குளத்தைக் குடிகளே ஆள வேண்டும்!"

எல்லா மிருகங்களும் பலமாகத் தலையாட்டின. முடியாட்சி என்றால் என்னவென்று ஒன்றுக்கும் தெரியாது. கேட்டால் நம்மை மட்டமாக நினைப்பார்களோ என்று எதுவும் கேட்கவில்லை. ஆட்டுக்கும் விளக்கத் தோன்றவில்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று பெரிய சிந்தனையாளர்கள் நினைத்துக்கொள்வது வழக்கம்தான்.

மறுநாள் மிருகங்கள் திரண்டு குளத்துக்குப் படையெடுத்தன. நனைந்த பிடரியோடு சிங்கம் திரும்பிப் பார்த்தது. கரடியும் சீப்பைப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான்! சிங்கம் எடுத்த ஓட்டத்தில் மலை தாண்டிப் போய்விட்டது.

அன்று எல்லாம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. வெண்பஞ்சி என்ற செம்மறியாடு, பிறந்து சில நாளே ஆன தன் குட்டிக்கு முதல் தடவையாகத் தெளிந்த தண்ணீரைக் காட்டியது.

கொண்டாட்டம் ஓயும் முன்பே முழக்கன் என்ற தவளை பாறைமேல் தாவி ஏறியது. உடம்பு சின்னது, குரல்தான் பெரியது.

"தோழர்களே! முடியாட்சி ஒழிந்தது என்று யார் சொன்னது? சிங்கம்தான் போயிருக்கிறது. முடி போகவில்லையே! அதோ பாருங்கள், குதிரையின் கழுத்தில்!"

எல்லாம் குதிரையைப் பார்த்தன. ஆமாம், கற்றை கற்றையாக முடி!

"ஓகோ! முடி உள்ளவங்க ஆட்சிதான் முடியாட்சியா! இப்பத்தான் புரியுது!" என்றது வாத்து. அதற்கு இருப்பது இறகு. ஆகவே உற்சாகம் தாங்கவில்லை.

உடனே முடி ஒழிப்புக் குழு அமைந்தது. தலைவர் தவளை. வெட்டும் வேலை நண்டுக்கு. அதற்குக் கத்தரிக்கோல் கையிலேயே இருந்ததே!

"என்னய்யா அநியாயம்! சிங்கத்தை விரட்டினதே நான்தான்!" என்று குதிரை கத்தியது.

"கறுக், கறுக்!" பிடரி போயிற்று. கூட்டம் ஆரவாரம் செய்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது கரடி. மறுநாள் கரடியையே மொட்டையடித்தார்கள். அணிலின் அழகான வால் எலிவாலாகிப் போனது.

முள்ளம்பன்றி வந்தபோதுதான் சிக்கல் வந்தது.

"முள்ளும் முடிதான்!" என்றது வாத்து.

"முள் எப்படி முடியாகும், முட்டாளே!" என்றது கொக்கு.

காடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வாதம் வசவாகி, வசவு அடிதடியாகி, பெரிய யுத்தமே மூண்டது. ஓக் கொட்டைகள் பறந்தன. சேறு பறந்தது. யார் ஜெயித்தார்கள் என்று இதுவரை தெரியவில்லை. இரண்டு கட்சியும் வெற்றி விழா கொண்டாடின. முள்ளம்பன்றி சத்தம் போடாமல் நழுவிவிட்டது.

சண்டையில் குளம் கலங்கிவிட்டது. தவளை ஒரு சட்டம் போட்டது.

"குளத்தைக் காப்பாற்றியாக வேண்டும்! இனிமேல் தலைவர் குளித்துக் கரையேறிய பிறகே மற்றவர்கள் குடிக்கலாம்!"

தவளை எப்போது கரையேறும்? பாறைக்கு வந்து ஒரு பேச்சு பேசும், மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். மிருகங்கள் இலைகளில் விழுந்த பனித்துளியை நக்கிக் காலத்தை ஓட்டின.

இலைகள் உதிர்ந்தன. குளிர் ஏறியது. அப்போதுதான் செம்மறிக்கு ஆள் வந்தது: "நாளைக் காலையில் உன் முறை!"

வெண்பஞ்சிக்கு உயிரே போய்விட்டது. குட்டிக்கு இன்னும் கம்பளி அடர்ந்து வளரவில்லை. பனிக்காலத்தில் அம்மாவின் கம்பளிக்குள் ஒண்டிக்கொண்டால்தான் அது பிழைக்கும். கம்பளி போனால் குட்டியும் போய்விடும்! செம்மறி வெள்ளாட்டிடம் ஓடியது.

"ஐயா! எல்லாம் நீங்க சொன்ன வார்த்தைதானே? நீங்களே வந்து கொஞ்சம் சொல்லுங்க!"

"அம்மா, நான் சொன்னது மகுடத்தை! முடி என்றால் மகுடம். ஒருவன் மகுடம் சூடிக்கொண்டு எல்லோரையும் அடக்கி ஆள்வதே முடியாட்சி. இது யாவரும் அறிந்ததுதானே!"

"நம்ம சிங்கத்துக்கு ஏதுங்க மகுடம்? பிடரிதானே இருந்தது!"

இத்தனை நாள் யோசனையில் இது மட்டும் வெள்ளாட்டுக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் நல்ல மனசு அதற்கு. மறுநாள் காலையில் செம்மறியோடு குளக்கரைக்கு வந்தது.

"நண்பர்களே! முடி என்னும் சொல்லுக்கு..." என்று ஆரம்பித்தது.

"தாடி!" என்று அலறியது தவளை. "முடி உள்ளவர் முடிக்காகப் பரிந்து பேசுகிறார்! நண்டே!"

"கறுக்!"

தாடி போனதும் கூட்டத்துக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. "யாருங்க இவரு? வெளியூரா?" என்றது வாத்து. அதன் பிறகு ஆடு பேசியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாவம்!

நண்டு செம்மறியின் பக்கம் திரும்பியது. குட்டி அம்மாவின் காலுக்கிடையில் நடுங்கியது. வெண்பஞ்சிக்குப் பயம்தான். ஆனால் குட்டியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வெட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். சிங்கம் இருந்தப்ப நாம எப்பத் தண்ணி குடிச்சோம்?"

"அது கரையேறின பிறகு!" என்றது கூட்டம்.

"இப்ப?"

"தலைவர் கரையேறின பிறகு..." என்று குதிரை இழுத்தது.

"அவரு எங்க ஏறினாரு? தொண்டை வறண்டு போச்சு!" என்றது அணில்.

"சரி, இந்தத் தலைவர் உடம்புல முடி எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம்!"

எல்லாம் தவளையைப் பார்த்தன. பேருக்குக்கூட ஒரு ரோமம் இல்லை. வழுவழுவென்று மின்னியது.

"முடியே இல்லாம முடியாட்சி நடக்குதே! அப்புறம் எங்க முடியை வெட்டி என்ன ஆகப்போகுது?" என்றது வெண்பஞ்சி.

தவளையின் தொண்டை புடைத்தது.

"கேள்வி கேட்பவர்கள் சிங்கத்தின் கையாட்கள்! வெட்டு, நண்டே, வெட்டு!"

நண்டு தன் கொடுக்கைக் கீழே இறக்கியது.

"போய்யா! ஊரு முடியை வெட்டி வெட்டிக் கை மரத்துப்போச்சு. நான் நண்டு! நானே தண்ணியில இறங்க முடியாம கரையில காயறேன்!"

சளக்கென்று அது குளத்தில் குதித்தது. பின்னாலேயே குதிரை, அணில், கரடி, வாத்து, கொக்கு என்று காடே இறங்கியது. எழுந்த அலையில் தவளை மூழ்கி எழுந்தது.

"இது சட்ட விரோதம்!"

"கொஞ்சம் தள்ளிக்கப்பா, நானும் குடிக்கணும்ல" என்றது கரடி.

அதன் பிறகு அந்தக் குளத்தில் தாகம் எடுத்தவர்கள் தாகம் எடுத்தபோது குடித்தார்கள். வெள்ளாடு பெரிய வார்த்தை எதையாவது சொன்னால் உடனே ஒரு குரல், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டது. ஆடும் கோபப்படாமல் விளக்கப் பழகிக்கொண்டது.

பனி கொட்டத் தொடங்கியது. மொட்டையான மிருகங்களெல்லாம் விறைத்துப்போய் வெண்பஞ்சியிடம் வந்து ஒண்டின. நடுவில் குட்டி கதகதப்பாகத் தூங்கியது.

"குதிரையை வெட்டினப்ப நான்தான் நிறையக் கைதட்டினேன்" என்று கரடி மெல்லச் சொன்னது.

"தெரியும். காலை மடக்கிப் படு, குட்டிமேல பட்டுடப் போகுது" என்றது செம்மறி.

ராஜாவை மட்டும் விரட்டிவிட்டு அவன் செய்த அநியாயத்தை விரட்டாமல் விட்டால், ஆள் மாறுமே தவிர ஆட்சி மாறாது.