வேகாத பருப்பும் மழைத் தண்ணியும்

சுண்ணாம்புப் பாறை மேல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல மாடத்தின்னு ஒரு சமையக்காரி. ரசம் வச்சா தெருவே மூக்கை நீட்டும், அப்படிக் கை. ம் சொல்லு. ம் சொன்னாத்தான் கதை நகரும்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். யாரு கெணறு வெட்டினாலும், அவுக வீட்டு மொதக் கல்யாணச் சமையல் அந்தத் தண்ணியிலதான் வேகணும். சுடலைமுத்து அண்ணாச்சி எட்டு வருசமாப் பாறையை ஒடச்சு ஒரு கெணறு வெட்டினாரு. அப்புறம் மகனுக்குக் கல்யாணம் வச்சாரு. எரநூறு பேருக்குச் சாப்பாடு. மாடத்திக்கு அதுதான் மொதப் பெரிய பந்தி. சொதப்பிட்டா அப்புறம் யாரு கூப்புடுவா?

விடிஞ்சதும் ஆக்குப்புரைக்கு, அதான் சமையக் கொட்டகைக்கு, வந்தா. ராத்திரி பெஞ்ச மழையில, வாசல்ல கெடந்த நாலு அண்டாவும் நெறஞ்சு நின்னுச்சு. கெணத்துத் தண்ணி பிடிக்கணுமேன்னு ரெண்டைக் கவுத்துட்டா, சளார் சளார்னு. அப்புறம் கெணத்துத் தண்ணியை ஊத்தி, துவரம்பருப்பைப் போட்டு அடுப்பை மூட்டினா. தளபுள தளபுளன்னு கொதிக்குது. ஒரு மணி நேரமாச்சு. ஒண்ணை எடுத்து நசுக்கிப் பாத்தா, கல்லு மாதிரி இருக்கு.

சரி, தீ பத்தலைன்னு புளிய வெறகை அள்ளி வச்சா. தண்ணி வத்துச்சே தவிர பருப்பு மசியலை. அப்புறம் பருப்புதான் பழசுன்னு, கடையில புதுசு வாங்கி வேற சட்டியில போட்டா. அதுவும் முழிச்சுக்கிட்டு நிக்குது. மூணாவதா நல்லெண்ணெய் விட்டு, மஞ்சத்தூள் போட்டு, சாமியையும் கும்பிட்டா. ம்ஹூம். சாமிக்கு அன்னைக்கு வேற வேலை போல.

அங்க தாலி கட்டுற மேளம் டம்டம்முன்னு கேக்குது. மாடத்திக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. பாவம், அவளும் என்ன செய்வா? எண்ணெய்க் கையைக் கழுவ சோப்பை எடுத்தா. கெணத்துத் தண்ணியை ஊத்தித் தேய்க்கிறா, தேய்க்கிறா, நுரையே வரலை. திரிஞ்ச பாலு மாதிரி துணுக்கு துணுக்கா மெதக்குது. மிச்சமிருந்த மழைத்தண்ணி அண்டாவுல ஒரு சொம்பு மொண்டு கழுவினா, அப்போ புசுபுசுன்னு நுரை வந்துச்சு!

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போதான் அவளுக்கு வெளங்குச்சு. தண்ணி சும்மா வராது. பாறை வழியா வரையில சுண்ணாம்பைக் கரைச்சு வயித்துல வச்சுக்கிட்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, பாக்கப் பளிங்கு மாதிரிதான் இருக்கும். அந்தச் சுண்ணாம்பு பருப்பை வேக விடாது, சோப்பை நுரைக்க விடாது. மழைத்தண்ணி மட்டும் வானத்துல இருந்து வெறுங்கையா வரும்.

அண்ணாச்சியைக் கூப்புட்டுச் சொன்னா. அவருக்கு மொகம் செத்துப் போச்சு. எட்டு வருசத்து உழைப்பு இல்லையா? இளநி மாதிரி தண்ணியைக் குத்தம் சொல்றியேன்னு கேட்டாரு. மாடத்தி உடனே அடுப்புல வச்சுக் காட்டினா. ரெண்டு சின்னச் சட்டியில ஒரே பருப்பு, ஒரே தீ. ஒண்ணுல கெணத்துத் தண்ணி, ஒண்ணுல மழைத்தண்ணி. அரை மணியில மழைச் சட்டிப் பருப்பு கொழகொழன்னு மலர்ந்துருச்சு. அதை அவரு வெரலால தொட்டுப் பாத்தாரு.

"அண்ணாச்சி, உங்க தண்ணி குடிக்க அமிர்தம். பருப்புக்கு ஆகாது, அவ்ளோதான். பூசணிக்காயை அதுல வேக வைக்கேன் பாருங்க."

அப்புறம் ரெண்டு அண்டா மழைத்தண்ணியிலயும் பருப்பு வெந்துச்சு. பூசணிக்காய்க் கூட்டு மட்டும் கெணத்துத் தண்ணியில. சுண்ணாம்புத் தண்ணியில வெந்த காய் கொழையாது. துண்டு துண்டா, ஓரம் கூட ஒடையாம நிக்கும்.

பந்தியில ஒரு பெரியவரு எலையைக் காட்டி, பூசணிக்காய் இப்படிக் கட்டியா எப்படி நிக்குதுன்னு கேட்டாரு. அண்ணாச்சி மீசையை நீவிக்கிட்டே சொன்னாரு, "எங்க கெணத்துத் தண்ணி." சொல்லிட்டு ஆக்குப்புரைப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. மாடத்தி சிரிச்சா. காலையில இருந்து முட்டிக்கிட்டு நின்ன அழுகையும் அப்போதான் கொட்டுச்சு, நிம்மதியில.

கடைசிப் பந்தியில அண்ணாச்சியே அவளுக்கு எலை போட்டு, மொத அகப்பைப் பருப்பைத் தன் கையால ஊத்தினாரு.

பருப்பும் வெந்தாச்சு, பந்தியும் எந்திரிச்சாச்சு, அடுப்பும் அணைஞ்சாச்சு. நீ கண்ணை மூடு, ராசா.