கருங்காலி வேண்டாம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் ஐம்பதைத் தாண்டியவர். தூத்துக்குடியில் அந்தத் தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. சம்பந்தப்பட்ட இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஜெசிந்தா கிட்டார் செய்வதில் கெட்டிக்காரி. கொம்பையா கதவும் ஜன்னலும் செய்து கை காய்த்துப்போன தச்சர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவருக்கு உளி பிசகினால் மட்டும் அண்ணாச்சி போய் 'என்னவே' வந்துவிடும்.

கொம்பையா தன் முதல் கிட்டாரைச் செய்துகொண்டிருந்தார். அது நல்லபடியாகக் கைமாறினால் அவர் தொழிலும் மாறும். இல்லாவிட்டால் பழையபடி கதவு, ஜன்னல்தான். உடம்பு முடிந்தது, கழுத்து முடிந்தது. இனி கழுத்தின் மேல் ஒட்டுகிற விரல்பலகைதான் பாக்கி. கம்பிக்கு அடியில் வாசிப்பவரின் விரல்கள் ஓயாமல் அழுத்தித் தேய்க்கிற பலகை அது. லேசான மரம் தாங்காது.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பலகையை எடுத்து நீட்டினாள்.

"கருங்காலி. பாத்து இழைங்க."

கொம்பையா வாங்கிக்கொள்ளவில்லை.

"இது வேண்டாம் டீச்சர்."

"ஏன்? விரல்பலகைக்கு இதைவிட நல்ல மரம் எங்க கெடைக்கும்?"

"மரம் நல்ல மரந்தான். பேரு ஆகாது."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

தச்சராவதற்கு முன்னால் கொம்பையா மில் தொழிலாளி. அங்கே தொழிற்சங்கம் நடத்திய ஒரு வேலைநிறுத்தம் தோற்றுப்போனது. பாதிப் பேர் வெளியே பட்டினி கிடக்க, மீதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களைப் பார்த்து 'கருங்காலி, கருங்காலி' என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் இவரும் ஒருவர். வேலை போய்விட்டது. கோபம் மட்டும் போகவில்லை. இப்போது அவரிடம் கிட்டார் கேட்டிருக்கும் பொன்மதி, அதே சங்கத்தின் பாட்டுக்குழுவில் பாடுகிறவள்.

"சங்கத்துப் பிள்ள வாசிக்கப்போற கிட்டார்ல கருங்காலியா? என் கையால ஒட்ட மாட்டேன்."

"வேற என்ன மரம் வைக்கப்போறீங்க?"

"சீமைக்கருவேலம்."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கிணற்றைக் குடித்துவிட்டது, காட்டை வளைத்துவிட்டது என்று ஊரே கரித்துக்கொட்டும் முள்மரம் அது. வெட்டினால் அடுப்புக்கு விறகு, மூட்டம் போட்டால் கரி. அதை யாரும் வாத்தியத்துக்குக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"கோணல் மரம் அண்ணாச்சி. ஒரு முழம் நேராக் கெடைக்காது."

"கெடைக்கும்."

"உளி வாய் போயிரும்."

"தீட்டிக்கிடுதேன்."

"சரி," என்றாள் ஜெசிந்தா. கருங்காலி அலமாரிக்குத் திரும்பியது.

முதலில் கொண்டுவந்த கட்டை காய்வதற்குள் வெடித்தது. அடுத்ததை அறுத்துப் பார்த்தால் உள்ளே வண்டு குடியிருந்தது. கொம்பையா அசரவில்லை. கரிமூட்டத்துக்குப் போக இருந்த ஒரு தடித்த அடித்தூரைப் பேசி வாங்கி, தோளிலேயே தூக்கி வந்தார். கோடை முழுவதும் அது நிழலில் காய்ந்தது. இழைக்கும்போது உளி தெறித்தது, உள்ளங்கை கொப்பளித்தது.

கடைசியில் ஒரு பலகை தேறியது. கருப்பட்டியின் நிறம், நடுவே கருத்த ரேகைகள். தட்டினால் கணீரென்றது. கொம்பையாவுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அதைக் கழுத்தில் ஒட்டி, குறுக்கே சுரம் பிரிக்கிற ஃப்ரெட் கம்பிகளையும் அடித்து முடித்த அன்று பொன்மதி போன் செய்தாள்.

"மாமா, விரல் வைக்கிற பலகை கறுப்பாத்தான இருக்கும்? கடையில எல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு."

"கறுப்புதான் பிள்ள." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு என்ன செய்வது? கடுக்காயை ஊறவைத்து, துருப்பிடித்த ஆணிகளை அதில் போட்டு, அந்தச் சாற்றைப் பலகையில் பூசினார். கதவு செய்கிற தச்சர்களுக்கு இதெல்லாம் கைவந்த வித்தை. வீட்டுக்காரர் எந்த மரம் கேட்கிறாரோ, இருக்கிற மரம் அந்த மரமாகிவிடும். மறுநாள் காலையில் விரல்பலகை கன்னங்கரேல் என்றிருந்தது.

ஜெசிந்தா கம்பி பூட்டி வாசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு சுரமும் சுத்தமாக விழுந்தது. வாசித்து முடித்து, கறுத்திருந்த தன் விரல்நுனிகளைப் பார்த்தாள்.

"நல்லாப் பேசுது. என்ன மரம்?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கீங்களே டீச்சர்."

"பொன்மதி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அவளுக்கு என்ன தெரியப்போகுது? கருங்காலின்னு..."

அந்தப் பேர் தன் வாயிலிருந்தே வந்தது கொம்பையாவுக்கு உறைத்தது.

"என்னவே இது," என்றாள் ஜெசிந்தா.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "உள்ளதைச் சொன்னா வேண்டாம்னுருவா டீச்சர். வெறகையா வச்சீங்கன்னு கேப்பா. எனக்குப் பொழப்பு போயிரும்."

"அன்னைக்குக் கேட்டுக்குள்ள போனவனும் இதைத்தான சொல்லியிருப்பான்?"

கொம்பையா எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போகவில்லை. கம்பிகளைக் கழற்றிவிட்டுச் சுரண்ட உட்கார்ந்தார். ஃப்ரெட் கம்பிகளுக்கு இடையே இருந்தது சின்னச் சந்து. அவசரப்பட்டால் மரம் பெயர்ந்துவிடும். கறுப்பு பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. ஜெசிந்தா சாப்பிடக் கூப்பிட்டபோதும் அவர் எழவில்லை. பொழுது சாய்வதற்குள் பலகை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

அவரே போனை எடுத்தார்.

"பிள்ள, பலகை கறுப்பு இல்ல. சீமைக்கருவேலம். நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"நாளைக்கு வந்து பாக்கேன் மாமா," என்று சொல்லி வைத்துவிட்டாள் பொன்மதி. குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொம்பையா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டா?"

ஜெசிந்தா குனிந்து அந்தப் பலகையை நீளத் தடவிப் பார்த்தாள்.

"சொல்லட்டும் அண்ணாச்சி. கறுப்பா இருந்தப்ப அவ வேணும்னு சொல்லியிருந்தாலும், அது இந்த மரத்தை இல்லையே."