மூச்சுக்கு ஓர் ஆணை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கனகவர்மன் என்றொரு ராஜா வெண்ணாவல் நாட்டை ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனசில் ஒன்று தோன்றிவிட்டால் அது உடனே நடந்தாக வேண்டும். ஒருநாள், "துன்பமே இல்லாத ஊர் ஒன்று வேண்டும்" என்றார். அரண்மனை அதிகாரி உத்தண்டர் முந்திக்கொண்டு அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டார்.

ஊர் எழும்பியது. எப்போது எழுவது, என்ன உண்பது, எந்நேரம் சிரிப்பது, எல்லாவற்றுக்கும் சட்டம். அழுவது குற்றம். தாயைப் பறிகொடுத்த செங்காத்தாள் என்ற பெண் வாய்விட்டு அழுதாள். காவலர் அவளைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

செய்தி கேட்ட அமைச்சர் நக்கண்ணருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சபையில் எழுந்து, "அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், அரசே" என்றார்.

உத்தண்டருக்கு வாயெல்லாம் பல். அமைச்சர் பதவி மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண். "பார்த்தீர்களா பிரபு! நீங்கள் உண்டாக்கிய சொர்க்கம் இவருக்குப் பிடிக்கவில்லை!"

ராஜாவின் முகம் சிவந்தது. "நக்கண்ணரே, என் ஊரில் ஒரு குறை காட்டும். இல்லையென்றால் நீரும் அவளோடு சிறையில் இருக்க வேண்டியதுதான்."

நக்கண்ணர் அசரவில்லை. "குறை இருக்கிறது, அரசே. இவ்வளவு அருமையான ஏற்பாடு குடிகளுக்கு மட்டும்தானா? உங்களுக்கு வேண்டாமா? உங்கள் மூச்சையே பாருங்கள். கேட்பாரில்லாமல் தன் இஷ்டத்துக்கு வந்து போகிறது. அதையும் உத்தண்டர் ஒழுங்குபடுத்தட்டுமே!"

ராஜாவுக்கு இது புதுமையாக இருந்தது. "அப்படியே ஆகட்டும்!"

உத்தண்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அரியணைப் பக்கம் போய் நின்றார். "இழுங்கள் பிரபு... விடுங்கள்... இழுங்கள்..."

கொஞ்ச நேரத்தில் ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தச் சமயம் பார்த்து, "இழுங்கள்" என்று சொன்ன கையோடு உத்தண்டருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. விடச் சொல்ல ஆளில்லை. ராஜா விழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். கடைசியில், "போதுமய்யா!" என்று அலறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பிறந்ததிலிருந்து என் மூச்சு நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது! இவர் கவனிக்க ஆரம்பித்ததும் உயிரே போகப் பார்த்ததே!"

"ஊரும் அப்படித்தான், அரசே" என்றார் நக்கண்ணர். "அழ வேண்டியவளை அழ விடுங்கள். அழுது ஓய்ந்தபின் அவளாகவே சிரிப்பாள். நாம் சட்டம் போட்டு வரவழைக்கிற சிரிப்பு சிரிப்பே இல்லை."

ராஜா தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "செங்காத்தாளை இப்போதே விடுங்கள். அந்தச் சட்டங்களும் இனி வேண்டாம். உத்தண்டரே, துக்கம் ஆறும்வரை அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது உம் வேலை. அழாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்!" என்றார். சபை கொல்லென்று சிரித்தது.

தம் முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணர் கழுத்தில் போட்டுவிட்டு ராஜா கேட்டார்: "சரி, இனி அந்த ஊரை நடத்த யாரை அனுப்பலாம்?"

"கொஞ்ச நாள் யாரையும் அனுப்பாமல் இருந்துதான் பாருங்களேன்."

ராஜாவுக்குக் கை துறுதுறுத்தது. இருந்தாலும் அடக்கிக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டு, அன்று மதியம் ஓர் ஆணையும் போடாமல் தூங்கினார். நாடு தன்பாட்டுக்கு நடந்தது.