கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

திருவிழா அறிவிப்புகளைப் பதிவு செய்து கொடுக்கும் மயில்வாகனனுக்குத் தன் குரல்மேல் அத்தனை பெருமை. பதிவில் கம்ப்யூட்டர் ஃபேனின் இரைச்சல் கேட்கிறதென்று அதன்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டார். அது சூடேறி, இன்னும் பலமாக இரைந்து, பாதிப் பேச்சில் அணைந்துபோனது.

“ஏ பூவாத்தா! சத்தமும் வரக்கூடாது, சூடும் ஆகக்கூடாது. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கத்தினார்.

“சரிங்கண்ணா. ஆனா உங்க மூச்சும் பதிவுல கேக்குதுங்க. நீங்க மூச்சு விடாம ஒருக்காப் பேசிக் காட்டுங்க, கம்ப்யூட்டரையும் அப்படியே ஓட வெச்சுடறேன்.”

“எனக்கேவா சவால்?” என்று ஆரம்பித்தவர், பெரியோர்களையும் தாய்மார்களையும் தாண்டி உபயதாரர் பெயர்களுக்கு வருவதற்குள் முகம் சிவந்து, வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்கும் இப்படித்தான் மூச்சு முட்டுதுங்க” என்ற பூவாத்தா கம்பளியை உருவினாள். ஃபேனில் அடைந்திருந்த தூசியைத் துடைத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பெட்டியை மைக்கைவிட்டுத் தள்ளி வைத்தாள். சூடும் ஏறவில்லை, சத்தமும் அடங்கியது.

மயில்வாகனன் இளைப்பு ஆறுமுன்னே பதிவு செய்து, போட்டுக் கேட்டார். “இன்னும் புஸ்ஸுபுஸ்ஸுன்னு இரையுதே!”

“அது நீங்கதானுங்கண்ணா. தண்ணி குடிங்க. நாளைக்கு நான் வந்ததும் மறுபடி பதிஞ்சுக்கலாம்.”