அரைப்பாட்டுக்காரி

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. பேரு சலேத். "ம்" கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன். ம், அப்படி வா.

அந்த ஊர்ல கடலுக்குள்ள முங்கி சங்கு எடுப்பாங்க. முங்குறவன் இடுப்புல கயிறு, மறுமுனை வள்ளத்துல அவன் மச்சான் கையில. தங்கச்சி தாலியாச்சே, விடுவானா? மச்சான் ஒரு பாட்டுப் பாடுவான். முடிஞ்சதும் இழுத்துருவான்.

சலேத்தோட அண்ணன் காய்ச்சல்ல செத்துட்டான். வீட்டுல அவளும் மதினி ரொசாரியும்தான். அடுப்பு எரியணுமே! சலேத் கயிறை எடுத்துட்டு வள்ளத்துக்குப் போனா.

"மச்சான் இல்லாதவளுக்கு எவன் கயிறு பிடிப்பான்?"ன்னு அந்த ஊர்லயே நல்லா முங்குற பெரிய குளிகாரன் மிக்கேல் சிரிச்சான்.

"நான் பிடிக்கேன்"னா ரொசாரி. "தாலி போயாச்சு. இவளும் போனா எனக்கு யாரு இருக்கா?"

அப்புறம் சலேத்கிட்ட, "உன் தம் எவ்வளவு பாட்டுக்குத் தாங்கும்?"ன்னு கேட்டா. அதே காய்ச்சல் சலேத்துக்கும் வந்து, தம் பாதியாயிருந்துச்சு. சொன்னா வீட்டுல உக்கார வச்சிருவாங்களே. "முழுப்பாட்டு"ன்னுட்டா, வீம்புக்காரி.

தொபுக்! முங்கினா. வரும்போது மூக்குல ரத்தம். "ஒண்ணுமில்ல மதினி."

அப்புறம் மறுபடி தொபுக்! இந்தத் தடவை மயங்கியே வந்தா. மிக்கேல் கெக்கெக்கேன்னு சிரிச்சான். ரொசாரிக்குக் கோவம்னா கோவம். முகத்தைத் துடைச்சுவிட்டு, அவ கண்ணு முழிச்சதும், "உன் உசுரை என் கையில தந்துட்டு உண்மையைத் தரமாட்டியாக்கும்?"ன்னா.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்போ சலேத் அவ காதுல, "அரைப்பாட்டுதான் மதினி, பயமாயிருக்கு"ன்னா. சொன்னதும் அழுகை வந்துட்டு. ரொசாரி "சரி"ன்னு கயிறைக் கையில சுத்திக்கிட்டா.

மூணாவது தொபுக்! பாட்டு பாதியில சர்ர் சர்ர்ருன்னு கயிறு ஏறுச்சு. "பாட்டு முடியலயே, ஏன் இழுக்க?"ன்னு வள்ளமே கத்துச்சு. ரொசாரி திரும்பிக்கூடப் பாக்கல. சலேத் மூச்சு வாங்கிக்கிட்டே வந்தா, கையில சங்கு. அப்புறம் அன்னைக்கு முழுக்க அரைப்பாட்டு, அரைப்பாட்டா முங்கிக் கூடையை நிரப்பிட்டா.

"ஏ அரைப்பாட்டுக்காரி!"ன்னான் மிக்கேல்.

"ஆமா, அரைப்பாட்டுதான். நாளைக்கும் வருவேன், வள்ளத்துல இடம் வையி."

மறுநாள் மிக்கேல் முங்குறதுக்கு முன்னால தன் மச்சான் காதுகிட்ட குனிஞ்சான். "எனக்கு முக்காப்பாட்டுலயே இழுத்துரு, யார்ட்டயும் சொல்லாத"ன்னான்.

வள்ளம் கரையேறிட்டு, கதையும் ஏறிட்டு. கயிறை நான் பிடிச்சிருக்கேன். நீ தூக்கத்துக்குள்ள முங்கு.