அயிரை மீன் குழம்பும் ஒரு லட்சம் சாவும்

கோணமங்கலத்தில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். சொத்தோடு மூளையையும் பங்கு பிரித்துக்கொண்டதில் ஒருவருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை.

மூத்தவர் தெய்வசிகாமணிக்கு வயிற்றெரிச்சல். அயிரை மீன் குழம்பென்றால் உயிரை விடுகிற மனுஷன், மூன்று மாதமாக மோர்ச்சோறு. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார்.

“இரைப்பையில கிருமி. இருபது வருஷமா உங்க வீட்டு ஆள் மாதிரி குடியிருந்து உங்க சோத்தைத் தின்னிருக்கு. லட்சக்கணக்குல இருக்கும். பதினாலு நாள் மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாது. ஒண்ணு விடாம சாகணும். அப்புறம்தான் மீன் குழம்பு.”

விடவில்லை. அதில் குறை சொல்ல முடியாது. மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்து, கிருமி மிச்சமிருக்கிறதா என்று மூச்சில் பார்க்க ஒரு பைக்குள் ஊதச் சொன்னார்கள். ஊதினார்.

“எல்லாம் செத்துப்போச்சு!” என்று டாக்டரம்மா சிரித்தார்.

நடுத்தம்பி தங்கையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினான். “ஒரே சோறு தின்ன பங்காளிங்கம்மா. சிரிக்கிறீங்களே!”

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், “அயிரை வாங்கிட்டு வாடா” என்றார்.

“சாவு வீட்டுல மீனாண்ணே?” என்றான் கடைசித் தம்பி பூமிநாதன். “பதினாறு நாள் தீட்டு.”

“என் வயித்துலதானடா செத்தாங்க?”

“அப்ப நீங்கதான் சாவு வீடே.”

மூவரும் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பதினாறு நாளும் மோர்ச்சோறு.

பதினாறாம் நாள் படையல். செத்தவர்களுக்குப் பிடித்தது அயிரை மீன் குழம்பு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. மாடியில் இலை போட்டார்கள். காகம் வந்தது. பூமிநாதன் அதை விரட்டினான்.

“ஏண்டா?”

“அவங்க என்னைக்காவது காக்கா வாயால தின்னிருக்காங்களா? அண்ணன் வாயாலதானே தின்னாங்க?”

மூவரும் யோசித்தார்கள். சரியென்று பட்டது. அண்ணனை இலை முன்னால் உட்காரவைத்துத் தம்பிகள் இருவரும் கைகூப்பி, “கா… கா…” என்று அழைத்தார்கள். அண்ணன் கண்ணீரோடு தின்றார். ஏப்பம் விட்டார்.

“ஏத்துக்கிட்டாங்க!” என்றான் தங்கையா.

“செத்தது லட்சம் பேருடா,” என்றார் அண்ணன் விரலை நக்கியபடி. “இந்த இலை ஒருத்தருக்குத்தானே ஆச்சு?”

நேற்றோடு நாற்பத்தோரு இலை. நேற்று மதியம் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். “ஐயோ, பழையபடி எரியுதுடா!”

தங்கையா அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். முகம் மலர்ந்துபோயிற்று.

“அழாதீங்கண்ணே! திரும்பி வந்து பொறந்துட்டாங்க!”

டாக்டரம்மாவிடம் போகலாம் என்ற பேச்சே எழவில்லை. தொட்டில் எத்தனை கட்டுவது என்பதுதான் இப்போது பேச்சு.