மடைத்தூணில் நின்ற பேச்சி

மேகத்தை அண்ணாந்து பார்த்தே மக்கள் நாளும் கிழமையும் குறித்துக்கொண்ட காலத்தில், செங்கோடன் என்றோர் அரசன் இருந்தான். மற்ற அரசர்கள் வாளால் பெயர் வாங்கினார்கள். இவன் ஓர் ஏரியால் பெயர் வாங்கினான்.

எப்பேர்ப்பட்ட ஏரி என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. காற்றடித்தால் அலை எழும்பும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கடல் என்றே நினைப்பார்கள். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்த பிறகுதான் ஏரி என்று நம்புவார்கள். பதினெட்டு ஊர்கள் அந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்தன.

அவ்வளவு பெரிய ஏரிக்கு மடை ஒன்றே ஒன்று. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்கு நடுவில், இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் தலையை இணைத்து ஒரு கற்பலகை கிடக்கும். தூண்களின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளை. அதை ஒரு கல் அடைத்திருக்கும். மடை திறக்க வேண்டுமானால் ஒருவர் மூச்சடக்கி அடிவரை முங்கி அந்தக் கல்லைப் பெயர்க்க வேண்டும். கல் பெயர்ந்ததும் தண்ணீர் சுழித்து இழுக்கும். சேறு கலங்கிக் கண் இருட்டும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. அப்படிப் போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முங்குகிறவரின் பிள்ளை கற்பலகையில் நின்று, பதினெட்டு ஊர்ப்பெயர்களையும் உரக்கச் சொல்ல வேண்டும். சத்தம் வரும் திசைதான் மேல் திசை என்று அவர் நீந்தி வருவார். அதுவும் குரல் உடையாத பிள்ளையாக இருக்க வேண்டும். மெல்லிய குரல்தான் ஆழம்வரை இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மடைக்காரர் காரிக்கு மூத்தவன் ஒரு மகன். அவனே ஆண்டுதோறும் சொல்லிவந்தான். அந்த ஆண்டு அவனுக்கு மீசை அரும்பி, குரல் தவளைக் குரலாகிவிட்டது. முறை இளையவளுக்கு வந்தது. அவள் பெயர் பேச்சி. பெயர்தான் பேச்சி, நாலு பேர் சேர்ந்து பார்த்தால் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள்.

மழைக்காலத்துக்கு முன்பே அவளைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி, எல்லா ஊர்க்காரர்கள் முன்னாலும் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். பாவம், பிள்ளை திக்கித் திணறிச் சொல்லி முடித்தது. கடைசி ஊரான கடம்பங்காட்டை மட்டும் விட்டுவிட்டது.

பெயர் சொல்லாத ஊருக்குத் தண்ணீர் வராது என்றொரு பயம் அங்கே இருந்தது. கடம்பங்காடோ வாய்க்காலின் வாலில் இருக்கும் ஊர். தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. அந்த ஊர்ச் சாத்தன் துள்ளியெழுந்து, எங்கள் வயலைக் கருக வைக்கப் பார்க்கிறாயா என்று கத்தினார். மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். கத்தலைவிடச் சிரிப்புதான் பேச்சியைச் சுட்டது. அன்றிலிருந்து ஊர்ப்பெயரைச் சொல்ல வாயெடுத்தாலே அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

விஷயம் அரசன் காதுக்குப் போனது. மடைக்காரரின் உயிர் ஆயிற்றே, சும்மா இருப்பானா?

முதலில் புலவரை அனுப்பினான். நிமிர்ந்து நில், அடிவயிற்றிலிருந்து மூச்சை எடு என்று அவர் பழக்கினார். பேச்சி அழகாக நின்றாள், அழகாக மூச்செடுத்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

அடுத்து வைத்தியரை அனுப்பினான். அவர் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினார். நாக்கு இனித்தது. அவ்வளவுதான்.

மூன்றாவதாக மந்திரியே வந்தார். எதிரே இருப்பவர்களை எல்லாம் பூசணிக்காய் என்று நினைத்துக்கொள் என்றார். பேச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூசணிக்காய் சிரிக்கிறதில்லையே" என்றாள். மந்திரி வந்த வழியே திரும்பிப் போனார்.

காரி அவளைக் கோபிக்கவில்லை, தைரியமாக இரு என்று சொல்லவும் இல்லை. நாள்தோறும் ஏரிக்கு அழைத்துப் போவார். முழங்கால் தண்ணீரில் அவளை நிறுத்திவிட்டு, பக்கத்தில் தலையை முக்கிக்கொள்வார். அவள் சொல்லச் சொல்ல, காதில் விழும் ஒவ்வோர் ஊருக்கும் அவள் பாதத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு நெடுவயல் வரைக்கும் கேட்டுச்சும்மா" என்பார். விட்டதைச் சொல்ல மாட்டார். கேட்டதைத்தான் சொல்வார்.

நாளாக ஆக, ஆழமான இடத்தில் முங்கினார். பேச்சி கல்தூணின் மேலே நின்று சொல்ல, அவர் அடியிலிருந்து தூணில் தட்டினார். அந்தத் தட்டு கல்லின் வழியே ஏறி அவள் உள்ளங்காலில் வந்து தெரிந்தது. பிறகு அம்மா கரையில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு அண்ணன் வந்தான். ஒரு நாள் யாரும் கூப்பிடாமலே சாத்தன் வந்து நின்றார். அன்று கத்தியது அவரை உறுத்திக்கொண்டே இருந்ததாம். "எங்க ஊரு பேரை ஒரு தடவை சொல்லு தாயி, கேட்டுட்டுப் போறேன்" என்றார். பேச்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் தலைத்துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்த ஆண்டு பெய்த மழையை என்னவென்று சொல்வேன்! வானம் பொத்துக்கொண்டது. ஏரி தளும்பியது. கரையில் ஓரிடம் கசியத் தொடங்கியது. மடையைத் திறக்காவிட்டால் கரை உடைந்து, வெள்ளம் பதினெட்டு ஊரையும் அடித்துக்கொண்டு போகும்.

ஊர்கள் திரண்டு கரைக்கு வந்தன. அரசனும் வந்தான். பேச்சியைப் பரிசலில் கொண்டுபோய்க் கற்பலகையில் ஏற்றினார்கள். காரி அவளை ஒரு முறை பார்த்துவிட்டு முங்கினார்.

பேச்சி நிமிர்ந்தாள். கரை நெடுக மனிதத் தலைகள். அத்தனை கண்ணும் அவள்மேல். நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது உள்ளங்காலில் ஒரு தட்டு வந்தது.

புலவர் பழக்கியபடி அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள். "கீழாம்பல்" என்றாள். ஒரு தட்டு. "பூவனேரி" என்றாள். ஒரு தட்டு. "நெடுவயல்" என்றாள். தட்டு வரவில்லை. தண்ணீர் திடீரென்று சுழித்தது. கல் பெயர்ந்துவிட்டது!

கரையில் ஆரவாரம் எழுந்தது. மேளம் முழங்கியது. அரசனும் கை தட்டினான். பேச்சி ஒவ்வோர் ஊராகச் சொல்லி முடித்தாள். கடம்பங்காட்டையும் விடாமல் சொன்னாள். ஆனால் அப்பா வரவில்லை. அவள் குரல் மேளச் சத்தத்தில் மூழ்கிப்போனது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

நாலு பேரைக் கண்டால் ஒளிகிற பிள்ளை அன்று என்ன செய்தது தெரியுமா? கரையை நோக்கித் திரும்பியது. கையை உயர்த்தியது.

"எல்லாரும் சத்தத்தை நிறுத்துங்க. ராசா, நீங்களுந்தான். எங்கப்பாவுக்கு நான் பேசுறது கேக்கணும்."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. மேளம் நின்றது. தாய்மார்கள் அழும் குழந்தையின் வாயை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். பதினெட்டு ஊரும் அரசனும் ஒரு சின்னப் பெண்ணின் சொல்லுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படியோர் அமைதியை அந்த ஏரி அதற்கு முன் கண்டதில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த அமைதியில் பேச்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒவ்வோர் ஊரின் பெயரும் தண்ணீரின்மேல் தெளிவாகப் போனது. கடைசியில் வயிற்றிலிருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "கடம்பங்காடு" என்றாள்.

உள்ளங்காலில் ஒரு தட்டு வந்தது. பிறகு தூணைப் பற்றிக்கொண்டு ஒரு கை தண்ணீருக்கு மேலே எழுந்தது. கையைத் தொடர்ந்து காரியின் தலை வந்தது.

கரையில் யாருக்கும் ஆரவாரம் செய்யத் தோன்றவில்லை. அரசன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சாத்தன் ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

பிறகு அரசன் காரியைத் தனியே அழைத்து, புலவரும் வைத்தியரும் மந்திரியும் தராத எதை இவளுக்குத் தந்தாய் என்று கேட்டான்.

காரி இருமி இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்ணும் தரலை மகராசா. அவ சொன்னதைக் கேட்டேன். கேக்குறேன்னு அவளுக்குத் தெரியவெச்சேன்."

ஆகவே, கேட்பவர்களே, தன் சொல்லைப் பொறுமையாகக் கேட்க ஒரு காது உண்டென்று அறிந்த பிள்ளை ஊரே கூடி நின்றாலும் அஞ்சாமல் பேசும்.